பட்டியலைப் பார்த்துவிட்டுப் பிற, கண்ணு

கண்ணு, நீ காவேரிப்பட்டினத்தில் வந்து பிறப்பதென்று தீர்மானித்துவிட்டதாகக் கேள்வி. நல்ல ஊர். தென்பெண்ணை ஓடுகிறது, பெங்களூர்க் கழிவின் நுரையையெல்லாம் கெலவரப்பள்ளி அணையிலேயே பொங்கித் தீர்த்துவிட்டு, இங்கே வரும்போது ஓரளவுக்கு ஆறாகவே வந்து சேரும். நிப்பட்டுக்குப் பேர் போன ஊர். ஆனி மாதத்தில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசலில் இரவும் பகலும் நிற்கும். மாசியில் மயானக் கொள்ளை. ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் கூடவே ஒரு நோயையும் அழைத்து வருகிறாயாம். மூளை வளர்ச்சியில் வரும் கோளாறு, பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு வருவது, ரெட் சிண்ட்ரோம் என்று பெயர். அங்கேதான் கண்ணு அவசரப்பட்டுவிட்டாய். இன்ன நோயோடு பிறக்கலாம் என்று டெல்லியில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கிளம்பி வந்துவிட்டு, பெற்றவளைத் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நிற்க வைப்பது நல்ல பிள்ளைக்கு அழகா?

பட்டியலின் கதையைச் சொல்கிறேன், கேள். அரிய நோய்களுக்கென்று ஒன்றிய அரசு 2017ல் ஒரு கொள்கை வகுத்தது. வகுத்த வேகத்தில், இதை நடைமுறைப்படுத்துவது கஷ்டம் என்று தானே கிடப்பில் போட்டது. நீதிமன்றங்கள் காதைத் திருகியதும் 2021 மார்ச்சில் இன்னொன்று வந்தது. இதில் நோய்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு தடவை சிகிச்சை செய்தால் சரியாகக்கூடியவை முதல் பிரிவு. ஆயுள் முழுக்கச் சிகிச்சை வேண்டும், ஆனால் செலவு தாங்கும் என்பவை இரண்டாம் பிரிவு. மருந்து இருக்கிறது, விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும் என்பவை மூன்றாம் பிரிவு. முதல் பிரிவுக்கு 20 லட்சம் வரை தருகிறோம் என்றார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒரு இணையதளம் திறந்து தருகிறோம், ஜனங்கள் பார்த்து ஏதாவது போடட்டும் என்றார்கள். கோயில் உண்டியல் வைத்துப் பார்த்திருக்கிறோம். கஜானாவே உண்டியல் வைத்ததை அப்போதுதான் பார்த்தோம். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எண்ணினால், நூற்று நாற்பது கோடி பேர் நாட்டில் அந்த உண்டியலில் விழுந்திருந்தது சில லட்சம் ரூபாய். ஒரு குழந்தையின் ஓராண்டு மருந்துக்குக் காணாது.

பிறகு 2022 மே மாதம் மனமிரங்கி, எந்தப் பிரிவானாலும் 50 லட்சம் வரை என்று அறிவித்தார்கள். அது ஆண்டுக்கு அல்ல, ஆளுக்கு. கோஷே என்று ஒரு நோய் பட்டியலில் உண்டு. உடம்பில் சுரக்க வேண்டிய நொதி சுரக்காது, அதை ஊசி வழியே ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். எடைக்குத் தக்க அளவு. ஆகவே கோஷேயோடு வருகிற குழந்தைகளுக்கு என் யோசனை: சாப்பிடாதீர்கள். எடை ஏறினால் மருந்து ஏறும், மருந்து ஏறினால் ஐம்பது லட்சம் சீக்கிரம் தீரும். தீர்ந்த பிறகு என்ன செய்வதென்று கொள்கை சொல்லவில்லை. குழந்தை வளரும் என்பதை அதிகாரிகள் எதிர்பார்க்கவில்லைபோலும்.

எஸ்.எம்.ஏ. என்கிற தசைச் சிதைவு நோயும் பட்டியலில் உண்டு. 2021ல் குமாரபாளையத்துக் குழந்தை ஒன்றுக்கு அந்த நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசி தேவைப்பட்டது. தறி ஓட்டுகிறவர்களிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் வரை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் காசு சேர்த்தார்கள். சேர்ந்த பிறகு பார்த்தால் சுமார் 6 கோடி ரூபாய் இறக்குமதி வரி வாசலில் நிற்கிறது. குழந்தை உயிர் பிழைக்க நாடு வசூலிக்கப் பார்த்த நுழைவுக் கட்டணம் அது. ஊரே கெஞ்சிய பிறகு தள்ளுபடி கிடைத்தது. நன்றி சொல்லி அறிக்கைகளும் வந்தன. அதே நோய்க்கான இன்னொரு மருந்து, ரிஸ்டிப்லாம், பாட்டில் 6 லட்சத்துக்கு மேல் விற்றது. 2025 அக்டோபரில் நீதிமன்றப் படியெல்லாம் ஏறி இறங்கிய பின் ஹைதராபாத் நாட்கோ கம்பெனி அதையே 15,900 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. நடுவில் இருந்த சுமார் ஆறு லட்சம் மருந்தின் விலை இல்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

இருந்தாலும் அவர்கள் 63 நோய்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த கெட்டிக்காரக் குழந்தைகள். உன் பெயரைத் தேடினேன், இல்லை. ஏன் இல்லை என்று பார். மூன்று பிரிவையும் மருந்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். மருந்தே இல்லாத நோய்க்கு நாலாவது பிரிவு கிடையாது. ரெட்டுக்கு இங்கே மருந்தில்லை, மருந்தில்லாததால் செலவில்லை, செலவில்லாததால் நீ இல்லை. உனக்குச் சோற்றைக் கூழாக்கிப் புரையேறாமல் ஊட்டுகிற ஒன்றரை மணி நேரம், வலிப்பு மருந்து, பிசியோதெரபி, வளைந்துகொண்டே போகிற முதுகெலும்புக்கு பெல்ட், நாளுக்கு நாலு டயாபர், ராத்திரி மூணு மணிக்குக் காரணமில்லாமல் நீ சிரிக்கும்போதும் அழும்போதும் எழுந்து உட்காருகிற ஒரு ஆள் என்று இத்தனையும் டெல்லிக் கணக்கில் சொந்த வீட்டு விஷயம்.

நீ எப்படி இருப்பாய் என்றும் சொல்லிவிடுகிறேன், உன் வீட்டாருக்கு ஒருவரும் சொல்லப்போவதில்லை. முதல் ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. குப்புற விழுவாய், உட்காருவாய், ‘அம்மா’, ‘தாத்தா’ என்று இரண்டு மூன்று வார்த்தை வரும், வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். ஒன்று, ஒன்றரை வயதில் வந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகும். பொம்மையைப் பிடித்த கை பிடிக்க மறுக்கும். இரண்டு கையையும் மார்புக்கு நேரே வைத்து, சோப்புப் போட்டுக் கழுவுவதாகப் பிசைந்துகொண்டே இருப்பாய். பல்லை நறநறவென்று கடிப்பாய், மூச்சைப் பிடித்துக்கொள்வாய். கண் மட்டும் போகாது. வேண்டியதைக் கண்ணால் காட்டுவாய், கோபத்தையும் கண்ணால் காட்டுவாய். 1954ல் வியன்னாவில் ஆந்திரேயாஸ் ரெட் என்ற மருத்துவர் தன் கிளினிக்கில் காத்திருந்த இரண்டு சிறுமிகள் அம்மா மடியில் உட்கார்ந்து ஒரே மாதிரி கையைப் பிசைவதைப் பார்த்தார். 1966ல் ஜெர்மன் மொழியில் எழுதினார். 1983ல் சுவீடனின் ஹாக்பெரி குழுவினர் ஆங்கிலத்தில் எழுதும்வரை உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. வியன்னாவிலிருந்து கிளம்பிய செய்தி இன்னும் நம் பக்கத்து கிளினிக்குகளுக்கு வந்துகொண்டேயிருக்கிறது. அதுவரை உனக்கு ஆட்டிசம் என்று ஒருவர் எழுதுவார், மூளை வாதம் என்று இன்னொருவர் எழுதுவார், டானிக் எல்லாரும் எழுதுவார்கள்.

இதில் பெண்ணாக வேறு பிறக்கிறாய். இந்த மண்ணைப் பற்றி உனக்குத் தெரியாது. உன் ஊர் இருக்கிற கிருஷ்ணகிரி 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது; பெண் சிசுக் கொலைக்குப் பேர் வாங்கிய பூமி. 1992ல் ஜெயலலிதா சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் இந்தப் பக்கமும் வந்தது. வேண்டாத பெண்ணை எருக்கம்பாலுக்குக் கொடுக்காதீர்கள், எங்கள் தொட்டிலில் போடுங்கள் என்று அரசாங்கமே வாசலில் தொட்டில் கட்டிய ஊர் இது. ஒரு குறையும் இல்லாத பெண்ணுக்கே அந்த வரவேற்பு என்றால், கையைப் பிசைந்துகொண்டு வருகிற உனக்கு என்ன காத்திருக்கும்!

பழி உன் அம்மா மேல் விழும். “எங்க வம்சத்துல இப்படி ஒண்ணும் கெடையாது” என்பாள் உன் ஆயா. “சொந்தத்துல கட்டினீங்களா?” என்பார் டாக்டர், தலையை நிமிர்த்தாமல். அக்கா மகளைக் கட்டுவது இந்தப் பக்கம் சகஜம். அதனால் வருகிற நோய்களும் உண்டு. ஆனால் உன் நோய் அந்த வகை இல்லை. எம்இசிபி2 என்கிற மரபணுவில் புதிதாக விழுந்த பிழை அது. 1999ல் அமெரிக்காவில் ஹுடா ஸோக்பியின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. பரம்பரையில் வந்ததல்ல, சொந்தமும் காரணமல்ல, கிரகணத்தில் வெளியே வந்ததும் காரணமல்ல. இன்னொன்றையும் ஆராய்ச்சியாளர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்: அந்தப் பிழை பெரும்பாலும் விழுவது அப்பாவின் விந்தணுவில். அந்த மரபணு இருக்கிற எக்ஸ் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகளுக்குத்தான் போகும், மகனுக்குப் போகாது. பெண் குழந்தைகளுக்கே இது அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்பாவின் தவறில்லை, யார் தவறும் இல்லை. ஆனால் இதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாலும் உன் ஆயா சொல்வாள்: “எதுக்கும் அவங்க அம்மா வூட்ல விசாரிங்க.”

அப்புறம் வைத்தியம் ஆரம்பிக்கும். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பார்கள். கிளி கடித்த பழம் கொடுத்தால் பேச்சு வரும் என்பார்கள். கிளிமூக்கு மாங்காய் லோடு லோடாக வந்து இறங்குகிற ஊரில் கிளி கடித்த ஒரு பழத்துக்கு உன் அப்பா தோப்புத் தோப்பாக அலைவார். தர்காவில் ஒரு கயிறு, அங்காளம்மன் கோயிலில் ஒரு கயிறு, மத நல்லிணக்கத்துக்கு உன் மணிக்கட்டு ஒன்றே சாட்சி. வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். எந்தப் பொருளையும் பிடிக்க முடியாத கையில் சாவியைத் திணித்து, சுற்றி நின்று, “பிடி, பிடி” என்பார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் மூக்கில் மிடாசோலம் ஸ்ப்ரே அடிக்க வேண்டும் என்ற ஒரு வரியை ஒரு சுவரிலும் எழுதி வைக்கவில்லை. எழுத இடமில்லை, சுவரெல்லாம் பிறந்தநாள் வாழ்த்து.

படித்தவர்கள் வைத்தியம் விலை கூடியது. ஸ்டெம் செல் ஏற்றினால் மூளை புதிதாக வளரும் என்று பளபளப்பான நோட்டீஸ் வாட்ஸப்பில் வரும். ரத்த நோய்கள் முதலான சிலவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவதைத் தவிர மற்றதெல்லாம் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை என்று ஐ.சி.எம்.ஆர். 2017லேயே வழிகாட்டு நெறியில் எழுதியிருக்கிறது. நோட்டீஸ் தமிழில் இருக்கிறது, நெறி ஆங்கிலத்தில் இருக்கிறது. தாலிச்சங்கிலி எதைப் படிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில் யாராவது ஒரு புண்ணியவான் “நிமான்ஸ் போங்க” என்பார். அது பெங்களூரில், ஓசூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது. உன் ஊரைத் தொட்டுப் போகிற அதே 44ம் எண் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வடக்கே போனால் வந்துவிடும். நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர்கள், அதனால்தான் அரை இந்தியாவும் அந்த வரிசையில் நிற்கிறது. விடிகாலைச் சீட்டுக்கு நள்ளிரவில் கிளம்ப வேண்டும். உன் அம்மாவுக்குத் தமிழ்நாட்டில் மகளிர் இலவசப் பஸ் உண்டு, ஆனால் அது சாதா டவுன் பஸ்ஸில், கிருஷ்ணகிரி வரை. கர்நாடகத்திலும் 2023 முதல் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு இலவசம், ஆனால் கர்நாடகத்துப் பெண்களுக்கு. இரண்டு முதலமைச்சர்களும் பெண்களை ஏற்றிச் சுமக்கப் போட்டி போடுகிற இந்தப் பொற்காலத்தில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜுஜுவாடி எல்லையைத் தாண்டுகிறவள் மட்டும் இரண்டு மாநிலத்துக்கும் முழு டிக்கெட் எடுப்பாள். அங்கே எழுதிக் கொடுத்த வலிப்பு மருந்தை இங்கே கேட்டால், “பெங்களூர் சீட்டா? அங்கேயே வாங்கியிருக்கலாமே” என்பார் மருந்துக் கடைக்காரர். மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்ப இருபதாயிரத்துக்கு மேல் ஆகும். முடிவு வந்தால் நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கும். அதை வைத்து இங்கே என்ன கிடைக்கும் என்று கேட்காதே.

கேட்டுவிட்டாயா? சரி. அட்டை கிடைக்கும். 2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை அங்கீகரிக்கிறது. நாள்பட்ட நரம்பியல் கோளாறு என்றொரு தலைப்பைப் பார்த்து உன் அப்பா சந்தோஷப்படுவார்; அதன் கீழே இருப்பவை இரண்டே, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் பார்க்கின்சனும். பார்க்கின்சனுக்கு நீ அறுபது வயதுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே உன்னை அறிவுசார் குறைபாட்டில் போடுவார்கள். அதற்கு உன் அறிவை அளக்க வேண்டுமே! வட்டம், நட்சத்திரம், சிலுவை என்று மரத்துண்டுகளை மேசையில் கொட்டி, அந்தந்தப் பள்ளத்தில் பொருத்தச் சொல்வார்கள், கையில் ஸ்டாப் வாட்ச்சோடு. உன் நோயே கை செயல்படாத நோய். நட்சத்திரத்தின் பள்ளத்தை நீ கண்ணால் காட்டுவாய். கண்ணுக்கு மதிப்பெண் இல்லை. தானே சாப்பிடுகிறாளா, தானே பல் தேய்க்கிறாளா, கடைக்குப் போய் வருகிறாளா என்று உன் அம்மாவிடம் கேட்டு, ஒவ்வொரு ‘இல்லை’க்கும் ஒரு கோடு போடுவார்கள். கூட்டிக் கழித்து உனக்கு விழுக்காடு சொல்வார்கள். உள்ளே எல்லாம் கேட்டுக்கொண்டு, எல்லாம் பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பாய்.

அந்த அட்டையும் குழந்தைக்கு நிரந்தரமில்லை. மரபணுவில் விழுந்த பிழை ஐந்து வயதில் நல்ல புத்தி வந்து திருந்திவிட்டதா என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். ஆகவே புதுப்பிக்க வேண்டும். முகாம் போலுப்பள்ளியில் என்பார்கள், அன்றைக்கு நரம்பியல் டாக்டர் லீவில் இருப்பார். சர்வர் டவுன் என்பது தனி வியாதி, அதுவும் பட்டியலில் இல்லை. “ஏம்மா, பாப்பாவ நேர்ல கூட்டினு வந்தியா? பாக்காம நாங்க எப்படி எழுதறது?” என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். இருபத்தைந்து கிலோ பிள்ளையைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, சாய்தளம் இருக்கும் பக்கம் பூட்டியிருப்பதால் படிகளில் தூக்கி வந்து காட்டினால், “சரி, இருங்க” என்பார்கள். பார்த்துவிட்டார்கள்.

தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. பல மாநிலங்களை விட அது மேல் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் சொல்வார்கள், உண்மைதான். மற்ற மாநிலங்களின் வெட்கக்கேட்டை நம் பெருமையாக மாற்றிக்கொள்ளலாம், தடையில்லை. தனியாரிடம் ஒரு மணி நேரத் தெரபிக்கு ஐந்நூறுக்குக் குறையாமல் வாங்கினால், அந்தத் தொகையில் மாதத்துக்கு நாலு மணி நேரம். நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஆண்டுதோறும் வி.ஏ.ஓ.விடம் வாழ்நாள் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அரசாங்கம் உன்மேல் வைத்திருக்கிற அக்கறையைக் குறை சொல்ல முடியாது. நீ செத்துவிட்டாயா என்று தவறாமல் விசாரிக்கும்.

பள்ளிக்கூடம் உனக்கு உரிமை. 2009 கல்வி உரிமைச் சட்டம், 2012ல் அதில் ஒரு திருத்தம். கடும் குறைபாடுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம். சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவார்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள், ஒன்றியம் முழுக்கச் சுற்ற வேண்டும், பெட்ரோல் அவர்கள் காசு. உனக்கென்று வருகிற ஒரே மனிதர்கள் அவர்கள்தான், அவர்களை நான் கிண்டல் செய்யமாட்டேன். அவர்களுக்குச் சம்பளம் தருகிற சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள் என்று ஒரு பக்கம். மும்மொழியை ஏற்கமாட்டோம் என்று இன்னொரு பக்கம். கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குத் தெளிவான கட்சி உண்டு. ஆனால் நடந்ததைப் பார், கண்ணு: மூன்றாவது மொழி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில், முதல் மொழியே வாய்க்கு வராத பிள்ளையின் பிசியோதெரபிஸ்ட் சம்பளம் மாட்டிக்கொண்டது. இருதரப்பு மேடையிலும் குழந்தைகளின் எதிர்காலம் பற்றித்தான் பேசினார்கள்.

இப்போது உன் அம்மா. அவள் ஓசூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் லைனில் நின்று செல்போன் உதிரிபாகம் மாட்டிக்கொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் பெண்களை எடுக்கின்றன; விடியற்காலை நாலரைக்கே கம்பெனி பஸ் ரவுண்டானாவில் வந்து நிற்கும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017 முதல் சட்டம். அந்தக் காப்பகத்தில் உன்னைச் சேர்க்கச் சொல்லிப் பாரேன். ஆகவே அவள் நின்றுவிடுவாள். அன்று முதல் அவள் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், சமையல்காரி, ஆம்புலன்ஸ், மனு எழுதுகிறவள், ஜெராக்ஸ் எடுக்கிறவள். மூன்று ஷிப்டும் அவளே. சம்பளம் கிடையாது, பி.எப். கிடையாது, வாரவிடுமுறை கிடையாது. பதிலுக்குப் பட்டம் உண்டு: தெய்வத் தாய். “கடவுள் உன்னை மாதிரி ஆளாப் பாத்துத்தான் இந்தக் கொழந்தய குடுப்பாரு” என்று கல்யாண வீட்டில் வாயில் மைசூர்பாகோடு சொல்வார்கள். கூலி கொடுக்க மனசில்லாத எல்லாருக்கும் தெய்வம்தான் கை கொடுக்கிறது. இதைச் சொல்கிற ஒருத்தராவது, “நாளைக்கு ரெண்டு மணி நேரம் நான் பாத்துக்கறேன், நீ போய்த் தூங்கு” என்று சொன்னால் நான் இந்த வரியை வாபஸ் வாங்குகிறேன்.

கம்பெனிகளை ஒரேயடியாகக் குறை சொல்லக் கூடாது. லாபத்தில் இரண்டு விழுக்காடு சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. சொன்னதால் டிசம்பர் 3ஆம் தேதி, மாற்றுத்திறனாளிகள் தினத்தில், மண்டபத்தில் பந்தல் போட்டுச் சக்கர நாற்காலி கொடுப்பார்கள். பெரியவர்கள் உட்காரும் நாற்காலி. நாலு வயது நீ அதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பாய். வளைகிற முதுகு இன்னும் கொஞ்சம் வளையும். ஆனால் பின்னால் நிற்கிற ஏழு பேரும் நிமிர்ந்து நிற்பார்கள். போட்டோவுக்குப் பிறகு மைக்கைப் பிடித்து ஒருவர், இவர்களிடம் இருப்பது குறை அல்ல என்பார். இருக்காது. அந்த நாற்காலிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, அது உனக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

பிப்ரவரி கடைசி நாள் உலக அரிய நோய் தினம். தனித்தனியே அரிதாம், மொத்தமாகச் சேர்த்தால் உலகத்தில் 30 கோடிப் பேராம். வருஷத்துக்கு எட்டு ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கிற தமிழ்நாட்டில் உன்னைப் போல் மட்டுமே நாற்பது பெண் குழந்தைகளாவது வருஷந்தோறும் வந்து சேர வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. எங்கே அவர்கள் என்று தேடினால், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில், ஆட்டிசம் என்று எழுதிய பழைய சீட்டோடு இருப்பார்கள். பெயர் தெரியாமலே செத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கேட்கிறவனைத்தான் பார்ப்பார்கள். மாங்காய்க்கு வருஷந்தோறும் கிருஷ்ணகிரியில் அகில இந்தியக் கண்காட்சி நடத்தி, ரகம் ரகமாகப் பெயர் எழுதி அடுக்கி, நல்ல ரகத்துக்குப் பரிசும் கொடுக்கத் தெரிந்த மாவட்டம் இது. (மாங்காய்க்காரரைக் கேட்டால் அவரும் அழுவார், 2025ல் கிலோ நாலைந்து ரூபாய்க்கு விழுந்தது. ஆனாலும் மாங்காய்க்கு ஒரு கணக்கு இருக்கிறது.)

மருந்தே இல்லை என்று சொன்னேன் அல்லவா, அது இங்கே. அமெரிக்காவில் 2023 மார்ச்சில் டிராஃபினடைடு என்று ஒன்றுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. குணமாக்காது, கொஞ்சம் இலகுவாக்கலாம். சராசரியாக ஆண்டுக்கு 3,75,000 டாலர், நம் காசில் மூன்று கோடிக்கு மேல். எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் என்ற விஞ்ஞானி 2007ல் எலிகளில் இந்த நோயைத் திருப்பிக் காட்டினார். மரபணுவை மறுபடி இயக்கியதும், சாகக் கிடந்த எலிகள் எழுந்து ஓடின. ஆகவே கண்ணு, மனுஷியாகத்தான் பிறப்பேன் என்று பிடிவாதம் இல்லையென்றால், எடின்பரோவில் எலியாகப் பிறப்பதையும் யோசிக்கலாம். வேளாவேளைக்குச் சாப்பாடு, சுத்தமான கூண்டு, உன் ஒவ்வொரு அசைவையும் குறித்துக்கொள்ள ஆள் உண்டு. நீ செத்தால் ஏன் செத்தாய் என்று பார்ப்பார்கள்.

இவ்வளவும் சொல்லியும் நீ வருவாய் என்று தெரியும். வந்துவிட்டால் வளரத்தான் செய்வாய். ரெட் குழந்தைகள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாற்பது, ஐம்பது வயதுவரை இருக்கிறார்கள். பதினெட்டு ஆனதும் நீ சட்டப்படி பெரிய மனுஷி. பதினெட்டு வருஷம் உனக்கு ஊட்டி, கழுவி, தூக்கியவள் உன் பேரில் கையெழுத்துப் போட முடியாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு கூடி, உன் அம்மா உனக்குக் காப்பாளராக இருக்கத் தகுதியானவள்தானா என்று விசாரித்து உத்தரவு தரும். அவளுக்குப் பிறகு யார் என்று மட்டும் அந்தப் படிவத்தில் கேட்டுவிடாதே. ராத்திரி உன்னைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் பதினெட்டில் ஒரு நல்ல காரியமும் நடக்கும். வாக்காளர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, அதில் உன்னைச் சேர்ப்பார்கள். தேர்தல் அறிவித்ததும் 12டி படிவத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். நாற்பது விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் வீட்டிலேயே ஓட்டுப் போடலாம். சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில், இரண்டு அதிகாரிகள், ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோகிராபர், பின்னாலேயே கட்சி ஏஜென்ட்டுகள், எல்லாரும் சந்துக்குள் ஜீப் வராததால் நடந்தே வந்து, மூன்று படி ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு உன் கட்டிலருகே நிற்பார்கள். சர்வர் டவுனாக இருக்காது. லீவில் ஒருத்தரும் இருக்கமாட்டார். பாப்பாவ நேர்ல கூட்டினு வாம்மா என்று அன்றைக்கு மட்டும் உன் அம்மாவிடம் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.